நூல் நிற்கவில்லை

நர்மதாவின் இடது மணிக்கட்டில் கட்டியிருந்த நூல் துடித்துக்கொண்டேயிருந்தது. அவள் அதைக் கவனிக்கவில்லை. கவனிக்க நேரமில்லை.

நான்கு தறிகள் அவள் பொறுப்பு. இரண்டு முன்னால், இரண்டு முதுகுக்குப் பின்னால். நடுவிலிருந்த சந்தில் திரும்பித் திரும்பி நடந்தாள். ஒரு தறியில் ஊடைநூல் சுற்றிய தார் தீர்ந்தது. ஓடம்போன்ற நாடாவை உருவி, புதுத் தாரைச் செருகி, நூல் முனையை நாடாவின் கண்ணில் வைத்து வாயால் உறிஞ்சி இழுத்தாள். கைப்பிடியைத் தள்ளியதும் தறி மறுபடி ஓடியது. அதற்குள் பின்னால் ஒரு தறியின் பாவுநூலில் இழை அறுந்திருந்தது.

பட்டறைக்குள் யாரும் வாயால் பேசுவதில்லை. இத்தனை தறிகளின் இரைச்சலில் பக்கத்தில் நிற்பவர் கத்தினாலும் கேட்காது. எல்லாம் கைச்சாடைதான். தண்ணீர் வேண்டுமென்றால் கட்டைவிரல். முதலாளி குருமூர்த்தி வருகிறார் என்றால் மேலுதட்டில் மீசையை முறுக்கிக் காட்டவேண்டும்.

கைக்குழந்தைக்காரிகளுக்கு அங்கே தனியாக ஒரு வழக்கம் உண்டு. சந்தின் கடைசியில் விட்டத்தில் சேலையைத் தொட்டிலாகக் கட்டுவார்கள். தொட்டிலிலிருந்து ஒரு நூலை இழுத்துவந்து மணிக்கட்டில் முடிந்துகொள்வார்கள். குழந்தை அழுதால் காதில் விழாது. ஆனால் விழித்துக் காலை உதைத்தால் நூல் வெடுக்கென்று இழுக்கும். போய்ப் பார்க்கலாம். பக்கத்துத் தறிக்காரி குஞ்சம்மாள் தன் மூன்று பிள்ளைகளையும் அப்படித்தான் வளர்த்தாள். “நூலு இருக்கறப்ப எவளுக்கு வேணும் போனு?” என்பாள்.

நர்மதாவின் மகன் இனியனுக்கு இரண்டரை மாதம். அவன் நூல் இழுப்பதில்லை. துடித்தது. மெல்லியதாக, வேகமாக, ஓயாமல். ஜேடர்பாளையத்தில் தாய் வீட்டில் பிரசவம் முடிந்து அவனைத் தூக்கிக்கொண்டு திரும்பிவந்த முதல் நாளே நர்மதா நூலைக் காட்டிக் கேட்டாள். குஞ்சம்மாள் தரையில் உள்ளங்கையை வைத்துக் காட்டினாள். விட்டத்தைக் காட்டினாள். தறி ஓடினால் தரை அதிரும், விட்டம் அதிரும், நூலும் அதிரத்தானே செய்யும்? நர்மதாவும் தலையாட்டினாள்.

அது மூன்று வாரத்துக்கு முந்தி. தீபாவளி ஆர்டர் வந்ததிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகூட மோட்டார் நிற்கவில்லை. பகலில் அவள், ராத்திரியில் கணவன் கதிர், அதே நான்கு தறிகள். தறி ஓட்டுகிறவர்களுக்கென்று முதலாளி கொடுத்திருந்த லைன் வீட்டில்தான் குடியிருந்தார்கள்; அதற்கும் பட்டறைக்கும் ஒரே சுவர்.

பத்தரை மணி சுமாருக்கு கரண்ட் போனது.

வேகம் குறைந்து, இழுத்து, ஒன்றன்பின் ஒன்றாகத் தறிகள் நின்றன. காதுக்குள் ஙொய் என்றது. அதன் பின்னால் காக்கை கத்துவது கேட்டது. ரோட்டில் ஒரு டவுன் பஸ் போவது கேட்டது.

“அப்பாடா! காது இருக்குதான்னு தொட்டுப் பாத்துக்கிட்டேன்” என்றாள் குஞ்சம்மாள்.

வாசலில் குருமூர்த்தியின் தலை தெரிந்தது. “லைன்ல என்னமோ வேலையாம். மத்தியானம் வந்துருமாம். சும்மா உக்காந்து ஊர்க்கதை பேசாதீங்க. தறிக்கு அடியில பஞ்சு மூட்டை மூட்டையா கெடக்குது, கூட்டுங்க.”

“கரண்டு போனாலும் இந்த மனுசன் போமாட்டேங்கறாரு பாரு” என்றாள் குஞ்சம்மாள்.

பெண்கள் சிரித்தார்கள். நர்மதாவும் சிரித்தபடி விளக்குமாற்றை எடுக்கக் குனிந்தாள். குனிந்தவளின் சிரிப்பு பாதியில் நின்றது.

தறி நின்றுவிட்டது. தரை நின்றுவிட்டது. விட்டம் நின்றுவிட்டது.

நூல் நிற்கவில்லை.

அவள் மணிக்கட்டைக் கண்ணுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தாள். மெல்லியதாக, வேகமாக, அதே துடிப்பு. அப்புறம்தான் அந்தச் சத்தம் கேட்டது. தொட்டிலுக்குள்ளிருந்து வந்தது. “ங்க்... ங்க்... ங்க்...” யாரோ பாரம் தூக்கமாட்டாமல் முக்குவது போல.

அவள் ஓடிய ஓட்டத்தில் நூல் அறுந்தது.

இனியன் விழித்துத்தான் கிடந்தான். அழவில்லை. அழுவதற்கு அவனிடம் மூச்சு மிச்சமில்லை. மூக்கு விடைத்து விடைத்து அடங்கியது. ஒவ்வொரு மூச்சுக்கும் விலா எலும்புகளுக்கு நடுவே தோல் உள்ளே குழிந்தது. நெஞ்சின் இடதுபக்கம் மட்டும் வலதைவிட எழும்பித் தெரிந்தது. உதட்டைச் சுற்றி நாவல்பழம் தின்ற நிறம்.

“குஞ்சக்கா!”

குஞ்சம்மாள் வந்து எட்டிப்பார்த்தாள். அவள் வாய் திறந்தபடி நின்றது. “அட சாமீ... இவன் மூச்சா அது? இத்தன நாளா நாம தறின்னல்ல நெனச்சோம்!”

ராத்திரி ஷிப்ட் முடித்துத் தூங்கிக்கொண்டிருந்த கதிரை எழுப்பினார்கள். சட்டையை உள்வெளியாகப் புரட்டி மாட்டிக்கொண்டு வந்தான். குருமூர்த்தி குழந்தையை ஒரு பார்வை பார்த்தார். துண்டுக் கட்டு ஏற்றும் வேனைத் தானே எடுத்தார். “ஏறுங்க, ஏறுங்க. செங்கோட்டுல காட்டிட்டு கரண்டு வாரதுக்குள்ள வந்தரலாம்.”

குஞ்சம்மாளும் கூட ஏறிக்கொள்ள, வேன் மல்லசமுத்திரம் தாண்டியது. இனியனின் முக்கல் மட்டும் கேட்டது. குஞ்சம்மாள் நர்மதாவின் காதோரம் குனிந்தாள்.

“இத பாரு புள்ள. எப்பத்துல இருந்துன்னு கேப்பாங்க. காத்தாலைல இருந்துதான்னு சொல்லு.”

“மூணு வாரமாக்கா ஆடுது...”

“அதச் சொல்லிராத. மூணு வாரமா என்னடி புடுங்கிக்கிட்டு இருந்தேன்னு கிழிச்சுப்போடுவாங்க. என்ற மவளுக்கு அப்பிடித்தான் ஆச்சு. வார்டே திரும்பிப் பாத்துது. அந்தக் கோவத்துல புள்ளைய ஒழுங்கா பாக்கமாட்டாங்க.”

கதிர் முன்சீட்டிலிருந்து திரும்பினான். “அக்கா சொல்றதும் சரிதான். காத்தாலைலன்னே சொல்லு.”

நர்மதா தலையாட்டினாள்.

*

திருச்செங்கோட்டு மருத்துவமனையில் அவர்கள் வரிசையில் நிற்கவேண்டியிருக்கவில்லை. இனியனின் கால் விரலில் நர்ஸ் மாட்டிய, ஆக்ஸிஜன் அளக்கும் கிளிப் அலறியது. அந்த அலறலுக்கே டாக்டர் சௌமியா ஓடிவந்தாள். சின்ன வயது. கொண்டையில் பேனாவைச் செருகியிருந்தாள். ஸ்டெதஸ்கோப்பை வலது நெஞ்சில் வைத்தாள், இடது நெஞ்சில் வைத்தாள், மறுபடி இடதில் வைத்தாள். அங்கேயே வைத்துக்கொண்டு நின்றாள்.

“ஆக்ஸிஜன் வைங்க. எக்ஸ்ரே, உடனே. என்னம்மா, எப்ப ஆரம்பிச்சுது?”

“காத்தாலைல இருந்துதானுங்க.”

“நேத்து?”

“நேத்தைக்கு நல்லா வெளையாண்டானுங்க” என்றாள் குஞ்சம்மாள்.

“பால் குடிச்சானா?”

“குடிச்சானுங்க.”

உண்மையில் அவன் நான்கு வாய் குடித்தால் விட்டுவிடுவான். நெற்றி வியர்த்து ஊற்றும். பட்டறைச் சூடு என்று நர்மதா முந்தானையால் துடைப்பாள்.

எக்ஸ்ரே வந்தது. மருத்துவம் தெரியாத கதிருக்கே பார்த்ததும் கோளாறு தெரிந்தது. வலதுபக்கம் வெண்மையும் சாம்பலுமாக இருந்தது. இடதுபக்கம் கறுப்பு. இருதயம் இருக்கவேண்டிய இடத்தில் இல்லாமல் வலதுபக்கமாகத் தள்ளிக் கிடந்தது.

“நுரையீரல்ல ஓட்டை விழுந்து காத்து வெளிய கசியுது” என்றாள் சௌமியா. அவள் கைகள் அதற்குள் உறை மாட்டத் தொடங்கியிருந்தன. “கசிஞ்ச காத்து உள்ளேயே நின்னு நுரையீரலையும் இருதயத்தையும் அமுக்குது. ஊசி போட்டு அந்தக் காத்தை எடுக்கணும். இப்பவே.”

“நெஞ்சுலயாங்க?”

“நெஞ்சுலதான்.”

அவள் முதலில் சேலத்துக் குழந்தை அறுவை நிபுணர் தீனதயாளனுக்கு எக்ஸ்ரேயைப் படம் பிடித்து அனுப்பினாள். போன் போட்டாள். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. மறுபடி போட்டாள். ஆபரேஷனில் இருக்கிறார் என்றது ஒரு குரல்.

கிளிப் இன்னும் சத்தமாக அலறியது. இனியனின் நகங்கள் கறுத்தன.

“மேடம்” என்றாள் நர்ஸ்.

“தெரியுது.”

பஞ்சில் ஸ்பிரிட் நனைத்து நெஞ்சைத் துடைத்தாள். விரல் நுனியால் விலா எலும்புகளை மேலிருந்து எண்ணிக்கொண்டு வந்தாள். ஓர் இடத்தில் விரல் நின்றது. நர்ஸ் ஊசியை உறையிலிருந்து உருவிக் கொடுத்தாள். கதிர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

“சார் பாத்துட்டுப் போட்டா நல்லா இருக்கும்” என்று சௌமியா நர்ஸிடம் தாழ்ந்த குரலில் சொன்னாள். “ஆனா நேத்து வரைக்கும் நல்லா இருந்த குழந்தை. திடீர்னு வந்திருக்கு. அப்ப இதுவாத்தான் இருக்கணும்.”

ஊசி தோலுக்கு மேலே இறங்கியது.

“திடீர்னு வரலீங்க.”

குஞ்சம்மாள் நர்மதாவின் இடுப்பில் கிள்ளினாள். நன்றாகவே கிள்ளினாள்.

“என்னம்மா?” சௌமியா நிமிரவில்லை. ஊசி மட்டும் நின்றது.

“திடீர்னு வரலீங்க மேடம். மூணு வாரமா இருக்குதுங்க.” நர்மதா மணிக்கட்டை நீட்டினாள். அறுந்த நூல் தொங்கியது. “இதத் தொட்டில்ல கட்டியிருப்பனுங்க. ஆடிக்கிட்டே இருந்துச்சு. தறி ஆட்டம்னு நெனச்சுப்போட்டேன். தறி நின்னப்பறமும் ஆடுச்சுங்க...”

“விட்டு விட்டு ஆடுச்சா, எப்பவுமேவா?”

“எப்பவுமேங்க. நாளுக்கு நாள் எச்சாச்சு. பாலும் சரியா குடிக்கலீங்க. நாலு வாயிக்கே வேத்துப்போவான்.”

சௌமியா ஊசியைத் தட்டில் வைத்தாள். எக்ஸ்ரேயை எடுத்துக்கொண்டு ஜன்னலுக்குப் போனாள். வெயிலுக்கு நேராகப் பிடித்தாள். கறுப்புக்குள் கண்ணைக் குறுக்கித் தேடினாள்.

கோடுகள் இருந்தன. தலைமுடியைவிட மெல்லிய கோடுகள், கறுப்புக்குள் ஓரம்வரை ஓடின. வெளியே கசிந்த காற்றில் கோடு இருக்காது. அது நுரையீரலுக்குள்ளிருக்கும் ரத்தக்குழாய்.

“இது வெளிய இருக்கற காத்து இல்ல” என்றாள். யாரிடமும் சொல்வதுபோல இல்லை. “நுரையீரலேதான். ஊதிப்போயிருக்கு.”

அவள் போன் அடித்தது. தீனதயாளன்.

“சார்... ஆமா சார், மேல் பாகம்தான். இடது. மூணு வாரமா சார்... இல்ல சார். போடல. ஊசி போடல சார்.” கேட்டுக்கொண்டே பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்தாள். “சரி சார். காத்தை அமுக்கி உள்ள அனுப்பற பேக் வேண்டாம். ஆக்ஸிஜன் மட்டும். அனுப்பிடறேன்.”

போனை வைத்துவிட்டு உறைகளைக் கழற்றினாள். ஒரு உறை விரலில் சிக்கிக்கொண்டு வரவில்லை. பல்லைக் கடித்து இழுத்தாள்.

“காலைலன்னு ஏம்மா சொன்னீங்க? நான் குத்தியிருந்தா ஊதியிருக்கற நுரையீரல்லயே குத்தியிருப்பேன். அப்ப நிஜமாவே ஓட்டை விழுந்திருக்கும்.”

நர்மதா அறுந்த நூலை விரலில் சுற்றினாள்.

“நாந்தானுங்க சொல்லச் சொன்னேன்” என்றாள் குஞ்சம்மாள். “திட்டுவீங்கன்னு.”

சௌமியா அவளை நிமிர்ந்து பார்த்தாள். திட்டத்தான் வாயைத் திறந்தாள். குழந்தையின் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

“பொறக்கும்போதே வந்த கோளாறு இது. மேல் பாகத்துக்குப் போற மூச்சுக்குழாய் கொழகொழன்னு இருக்கு. காத்து உள்ள போகுது, திரும்பி வரும்போது குழாய் மடங்கி அடைச்சுக்குது. அதனால அந்தப் பாகம் மட்டும் பலூன் மாதிரி ஊதிக்கிட்டே போய் நல்ல நுரையீரலை நசுக்குது. அந்தப் பாகத்தை ஆபரேஷன் பண்ணி எடுக்கணும். எடுத்துட்டா மிச்சத்தை வெச்சு நல்லா வளருவான்.”

“பஞ்சு போயி அடச்சுக்கிச்சுங்களா?” கதிர் கேட்டான். கேட்டுவிட்டு நர்மதாவைப் பார்க்கவில்லை.

“இல்ல. வயித்துல இருக்கும்போதே வந்தது. உங்க தப்பு இல்ல.”

அவன் முகத்தைப் புரட்டி மாட்டிய சட்டையில் துடைத்துக்கொண்டான்.

ஆம்புலன்ஸுக்குச் சொல்லியாகிவிட்டது. வாசலில் குருமூர்த்தி கதிரை ஓரமாகக் கூப்பிட்டார்.

“கரண்டு வந்துருச்சாம். போன் வந்துது.”

“சேலத்துக்குக் கொண்டுபோகோணுங்க முதலாளி. ஆப்பரேசன்ங்கறாங்க.”

“பண்ணட்டும். பண்றது டாக்டருதானப்பா, நீயா பண்ணப்போறே? அம்மாக்காரி கூடப் போறா. நீ ராத்திரி ஷிப்ட்டுக்கு வந்துரு.”

“புள்ள நெஞ்சக் கிழிக்கப்போறாங்க. எப்பிடிங்க வாரது?”

குருமூர்த்தி கழுத்தைத் துண்டால் துடைத்தார். குழந்தை இருந்த பக்கம் ஒரு தடவை பார்த்தார். “எனக்கு மட்டும் மனசு இல்லையா கதிரு? நானே வண்டி எடுத்துட்டு வல்லியா? வியாழக்கெழம லோடு ஏத்தலைன்னா ஈரோட்டுக்காரன் என்னை உரிச்சுப்போடுவான். நாலு தறி நின்னா ஆகாது. பாத்துக்க.”

குஞ்சம்மாளை ஏற்றிக்கொண்டு வேன் போய்விட்டது.

*

ஆம்புலன்ஸில் ஏறும்போது சௌமியா மூன்று விஷயம் சொல்லி அனுப்பினாள். இடதுபக்கம் கீழே இருக்கும்படி சாய்த்துப் பிடிக்கவேண்டும். ஆபரேஷன் ஆகும்வரை பால் கொடுக்கக்கூடாது. அழவிடக்கூடாது, அழுதால் இன்னும் காற்று போய் உள்ளே மாட்டிக்கொள்ளும்.

பால் கொடுக்காமல் அழாமல் வைத்துக்கொள்வது எப்படி என்று அவள் சொல்லவில்லை.

சங்ககிரி ரோட்டில் ஏறியதும் இனியனுக்குப் பசி வந்தது. நர்மதாவின் ஜாக்கெட் பாலில் நனைந்திருந்தது. வாசனை பிடித்துவிட்டான். ஆக்ஸிஜன் மாஸ்க்குக்குள் வாய் இப்படியும் அப்படியும் தேடியது. முகம் கோணியது.

“ஏனுங், நீங்க வாங்கிக்கங்க. எங்கிட்ட இருந்தா அழுவான்.”

கதிர் வாங்கிக்கொண்டான். இடது முழங்கையில் தலையை வைத்து, டாக்டர் காட்டியபடி சாய்த்து, மடியில் படாமல் தூக்கிப் பிடித்தான். வண்டிக் குலுக்கல் எட்டக்கூடாது என்று வலது கையால் இடது கையைப் பற்றிக்கொண்டான். நர்மதா கதவோரம் நகர்ந்து, மார்பின்மேல் முந்தானையை நான்காக மடித்து அழுத்திக்கொண்டு உட்கார்ந்தாள்.

வண்டி நின்றது.

முன்னால் ரோட்டை அடைத்துக்கொண்டு ஒரு புது ரிக் லாரி. போர்வெல் போடும் அந்த இயந்திரம் முழுக்கச் சாமந்தி மாலை. சக்கரங்களுக்கு எலுமிச்சம்பழம் வைத்திருந்தார்கள். ஒருவர் பூசணிக்காயின்மேல் கற்பூரம் ஏற்றி மூன்று சுற்றுச் சுற்றிக்கொண்டிருந்தார். வெள்ளைச் சட்டைக்காரர்கள் கைகூப்பி நின்றார்கள். சைரனுக்கு ஒரு பக்கம் ஒதுங்கினார்கள். லாரி ஒதுங்கவில்லை.

டிரைவர் தலையை வெளியே நீட்டினான். “ஏனுங்கண்ணா, உள்ள பச்சப்புள்ளைங்க! பூசணிக்காய அப்பறமா ஒடைங்க!”

“நல்ல நேரம் முடியப்போகுது தம்பி, ஒரே நிமிசம்...”

“புள்ளைக்கும் அதேதானுங்க!”

மாஸ்க்குக்குள் இனியன் ஒரு தடவை வீறிட முயன்றான். சத்தம் வரவில்லை. நெஞ்சு எழும்பியது, இறங்கவில்லை. உதடு கறுத்தது. கூடவந்த ஆம்புலன்ஸ் நர்ஸ் எழுந்து பேக்கில் கை வைத்தார். அமுக்கக்கூடாது என்று சொல்லியிருந்தார்கள், மூச்சு நின்றால் தவிர. அவர் கை பேக்கின்மேலேயே இருந்தது. கதிர் மகனின் முகத்தருகே குனிந்து வாயால் மெல்ல ஊதினான். நெற்றியில், கண்ணிமையில், மறுபடி நெற்றியில். இனியன் கண்ணைச் சிமிட்டினான். ஆச்சரியப்பட்டவன்போல அப்பனைப் பார்த்தான். நெஞ்சு இறங்கியது.

வெளியே யாரோ விறுவிறுவென்று ரிக் லாரியைப் பின்னால் எடுத்தார்கள். பூசணிக்காய் வைத்திருந்தவர் அதை உடைக்காமல் இடுப்பில் இடுக்கிக்கொண்டு ஓரமாக ஓடினார்.

*

சேலத்தில் தீனதயாளன் வாசலிலேயே நின்றிருந்தார். அதிகம் பேசாத மனிதர். “எடுக்கலைன்னா இன்னைக்குத் தாங்கமாட்டான். எடுத்தா பொழச்சுக்க நெறைய வாய்ப்பு இருக்கு. கையெழுத்துப் போடுங்க” என்றார். கதிர் போட்டான்.

ஆபரேஷன் அறைக் கதவு சாத்திக்கொண்டது. நர்மதா கழிவறைக்குப் போய் பாலைப் பீச்சி வாஷ்பேசினில் விட்டாள். திரும்பிவந்து உட்கார்ந்தாள். மார்பு மறுபடி கட்டியது. மறுபடி போனாள். கதிரின் போன் சட்டைப்பைக்குள் அதிர்ந்துகொண்டிருந்தது. எடுத்துப் பார்த்தான். குருமூர்த்தி. உள்ளே வைத்துக்கொண்டான்.

பொழுது சாயும் நேரத்தில் கதவு திறந்தது. தீனதயாளன் முகமூடியைக் கழுத்துக்கு இறக்கினார்.

“நெஞ்சைத் திறந்ததும் ஊதின பாகம் தானா வெளிய பிதுங்கி வந்துது. எடுத்தாச்சு. கீழே நசுங்கிக் கெடந்தது விரிஞ்சிருச்சு. இதயம் அதோட இடத்துக்கு வந்துருச்சு.” கொஞ்சம் நிறுத்தினார். “இனி வர்ற நாலஞ்சு நாள்தான் கண்டம். ஆறு மாசத்துக்குப் பஞ்சு, தூசி, புகை எதுவும் ஆகாது. பட்டறைக்குள்ள கொண்டுபோகவே கூடாது.”

“சரிங்க” என்றார்கள் இருவரும் ஒரே குரலில்.

அன்றிரவும் மறுநாளும் குருமூர்த்தியின் அழைப்பு வந்தபடி இருந்தது. கதிர் ஒருமுறை எடுத்து, ரெண்டு நாள் பொறுத்துக்கங்க முதலாளி என்றான். புதன்கிழமை நாலைந்து தடவை வந்தது. வியாழக்கிழமை ஒருமுறைகூட வரவில்லை.

வெள்ளிக்கிழமை மூச்சு மெஷினை எடுத்துவிட்டார்கள். தானாக மூச்சு விட்டான். விலாவிலிருந்து ஒரு குழாய் மட்டும் கட்டிலுக்கு அடியிலிருந்த பாட்டிலுக்குப் போனது. நர்மதா முதல்முறையாகச் சாப்பிட்டாள்.

சனிக்கிழமை புதுக் கஷ்டம் தொடங்கியது. இனியன் தூங்கவில்லை.

சொக்குவான், உடனே திடுக்கிட்டு விழிப்பான், அழுவான். அழுதால் பாட்டிலில் குமிழி குமிழியாகக் காற்று வரும். ஆக்ஸிஜன் இறங்கும். கண்ணுக்குக் கீழே கருவளையம் விழுந்துவிட்டது அந்தச் சின்ன முகத்துக்கு. நர்ஸ் தமிழினி அவனை வார்டின் கோடி அறைக்கு மாற்றினாள். கதவைச் சாத்தினாள். தாழ்வாரத்தில் யாரும் செருப்புத் தேய்த்து நடக்கக்கூடாது என்று விரட்டினாள். ஊசி விழுந்தால் கேட்கும்.

“ஒன்றரை நாளா இந்த வாண்டு கண்ணு மூடல சார்.”

தீனதயாளன் பாட்டிலைக் குனிந்து பார்த்தார். “வலிக்கு வேண்டிய மருந்து குடுத்தாச்சு. தூங்கறதுக்குன்னு இதுக்கு மேல குடுத்தா மூச்சைக் குறைச்சிடும். களைச்சுப்போனான்னா மறுபடி மெஷின்ல போடணும். ரெண்டாவது தடவை மெஷின்ல போட்டா...” முடிக்கவில்லை. “எப்படியாவது தூங்க வைங்கம்மா.”

நர்மதா தட்டினாள். பாடினாள். பால் கொடுத்தாள், குடித்துவிட்டு அழுதான். கதிர் நெற்றியில் ஊதிப்பார்த்தான். ஒன்றும் எடுபடவில்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியான வெயில் ஜன்னல் கம்பிகளில் இறங்கியது. அறையில் அத்தனை அமைதி. ஒவ்வொரு அழுகைக்கும் நடுவில் இனியன் தலையைத் திருப்பித் திருப்பி எதையோ தேடினான். மார்பைத் தேடவில்லை. வேறு எதையோ.

நர்மதா தமிழினியின் கையைப் பிடித்தாள்.

“மேடம், பட்டறைக்கு வந்ததுல இருந்து இவன் சத்தமில்லாத எடத்துல தூங்குனதே இல்லீங்க. ஊட்டுலயும் செவுத்துக்கு அந்தப் பக்கம் தறிதான். போனுல அந்தச் சத்தத்தப் போடட்டுங்களா?”

தமிழினிக்கு ஒரு கணம் புரியவில்லை. புரிந்ததும் கதவை எட்டிப் பார்த்துவிட்டு, “போடுங்க, போடுங்க. மெதுவா வெச்சு, கொஞ்சங்கொஞ்சமாக் கூட்டுங்க” என்றாள்.

கதிர் குஞ்சம்மாளைப் போனில் கூப்பிட்டான். ஸ்பீக்கரில் போட்டான். வெகு நேரம் மணி அடித்தது.

“கதிரு! சாமீ! புள்ள எப்பிடி இருக்கறான்?”

“இருக்கறானுங்கக்கா. தூங்கமாட்டேங்கறான். நீங்க போனை எடுத்துக்கிட்டுத் தறிகிட்டப் போங்க. சத்தம் வேணும்.”

“சத்தமா?”

“தறிச் சத்தங்கா. அதைக் கேட்டாத் தூங்குவான்னு இவ சொல்றா.”

அந்தப் பக்கத்தில் பேச்சில்லை.

“அக்கா?”

“ஆங், இருக்கறேன்... நர்மதா, உன்ற தொட்டில் சேலை, பாத்திரம், துணிமணி எல்லாம் என்ற ஊட்டுல பத்தரமா எடுத்து வெச்சிருக்கறேன் கண்ணு. நீ ஒண்ணும் கவலப்படாத.”

“பாத்திரத்த எதுக்குங்கக்கா எடுத்தீங்க?”

“அதெல்லாம் வந்து பேசிக்கலாம். புள்ளையப் பாரு மொதல்ல. இரு, உள்ள போறேன்.”

கதவு கிரீச்சிட்டது. அடுத்த நொடி அந்தச் சின்ன போனுக்குள்ளிருந்து பட்டறை முழுதும் அறைக்குள் வந்து விழுந்தது. கதிர் பதறி ஒலியைக் குறைத்தான். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினான். போனைத் தலையணை ஓரம் வைத்தான்.

இனியன் அழுகையை நிறுத்தினான். கழுத்தைச் சத்தம் வந்த பக்கம் திருப்பினான். விரல்கள் பிரிந்து, நர்மதாவின் சேலைத் தலைப்பை விட்டன. ஒரு நீண்ட மூச்சு வந்தது. இமைகள் பாதி மூடின, திறந்தன, மூடின. பாட்டிலில் குமிழிகள் குறைந்தன. தமிழினி மானிட்டரைப் பார்த்து, நர்மதாவின் தோளைத் தொட்டுவிட்டு, பூனைபோல வெளியேறினாள்.

நர்மதா குனிந்து போனின் பக்கம் காதை வைத்தாள்.

தறிக்காரிக்குத் தறிகள் தனித்தனியாகவே கேட்கும். குஞ்சம்மாளின் தறிகள் கிட்டத்தில் ஓடின. அவற்றுக்கு அப்பால், கொஞ்சம் தள்ளி, ஒரு தறி ஒவ்வொரு அடிக்கும் இரட்டையாகத் தட்டியது. டக்-டக். டக்-டக். நாடாவை அடிக்கும் கட்டை தேய்ந்துபோன தறி. மாற்றித் தாருங்கள் என்று அவள் குருமூர்த்தியிடம் கேட்டுக் கேட்டு அலுத்த, அவளுடைய தறி. அதன் பக்கத்தில் மற்ற மூன்றும் இடைவெளி இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தன. நடுவில் ஒன்று நின்றது. தார் மாற்றும் நேரம். யாரோ பழகாத கையால் மாற்றினார்கள்; தாமதமாகத்தான் மறுபடி ஓடியது.

நிமிர்ந்து கதிரைப் பார்த்தாள். அவனும் கேட்டுக்கொண்டுதான் இருந்தான். ராத்திரி ராத்திரியாக அவன் ஓட்டிய தறிகள், இப்போது வேறு ஆளிடம்.

போனில் சார்ஜ் இறங்கி சிவப்பு விளக்கு மின்னியது. சார்ஜர் வயர் கட்டில்வரை எட்டவில்லை. கதிர் கட்டிலைப் பூப்போலச் சுவரோரம் தள்ளினான். அப்படியும் எட்டவில்லை. அவன் சுவரோடு ஒட்டி முதுகை வளைத்து, வயர் விறைக்க, போனை மகனின் காதுக்கு நேராகக் கையில் ஏந்திக்கொண்டு நின்றான்.

இனியன் வாய் பிளந்து தூங்கினான். அவன் நெஞ்சு ஏறி இறங்கியது. நான்கு தறிகளும் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தன. அழைப்பைத் துண்டிக்க இருவருக்கும் கை வரவில்லை.